ஆரி டீச்சர்

பாலக்கரையில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் என் அறை இருக்கிறது. படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்தில் 'வஹீதா, மருத்துவ உளவியலாளர். பயம், பதற்றம், மன அதிர்ச்சிக்கான சிகிச்சை' என்று போர்டு மாட்டியிருக்கிறேன். அந்தப் போர்டைப் படித்துவிட்டு நேராக மாடியேறி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் முதலில் செருப்புக் கடைக்குள் நுழைந்து நாலைந்து ஜோடி போட்டுப் பார்ப்பார்கள். தெருவில் தெரிந்த முகம் இல்லை என்று நிச்சயமானதும் விறுவிறுவென்று மேலே ஏறுவார்கள். கடைக்காரர் அப்துல் அஹத் பாய்க்கு இதில் ஏகப்பட்ட குறை. "உங்க ஆளுங்க எல்லா சைஸையும் கலைச்சுப் போட்டுட்டு ஒண்ணும் வாங்காமப் போயிடுறாங்கம்மா" என்பார். எனக்கும் எரிச்சல்தான். பல்வலி என்றால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஊரே பார்க்க நடக்கிறார்கள். மனசுக்கு முடியவில்லை என்றால் மட்டும் என்ன இப்படி ஒரு திருட்டுத்தனம்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தத் தொழிலுக்கு அது ஆகாது என்று படிக்கிற காலத்திலேயே எங்கள் பேராசிரியை சொன்னார். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவர்களைச் சுற்றி நிற்கிறவர்கள் மேல்தான் வரும். அவர்களிலும், பாசம் காட்டுகிறவர்கள் மேல் கூடுதலாக வரும்.

பிரவீன்ராஜ் மாடியேறி வந்தபோது அவர் கையில் ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பு இருந்தது. சும்மா போட்டுப் பார்த்துவிட்டு வர மனசு கேட்காமல் வாங்கிவிட்டாராம். முப்பத்தைந்து வயதிருக்கும். மோட்டார் பைக் ஷோரூமில் வேலை. வலது காலை லேசாக இழுத்து நடந்தார்.

"எனக்கு இல்லீங்க மேடம். என் வொய்ஃப் யாழினிக்கு" என்றார்.

"அவங்க ஏன் வரலை?"

"அவங்க பாலம் தாண்ட மாட்டாங்க."

வீடு ஸ்ரீரங்கத்தில். ஸ்ரீரங்கம் என்பது தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். எந்தத் திசையில் கிளம்பினாலும் பாலம் ஏறித்தான் ஆக வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாள் சாயங்காலம், புருஷனும் பெண்டாட்டியும் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தில் வந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. பிரவீன்ராஜின் கால் சக்கரத்தடியில் சிக்கிக்கொண்டது. யாழினி கைப்பிடிச் சுவரோரம் போய் விழுந்தாள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். இவருக்குக் காலில் கம்பி வைத்து, எழுந்து நடந்து, வேலைக்கும் போய்விட்டார். அவள் அன்றைக்கு ஆம்புலன்ஸில் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி வந்தவள்தான், பிறகு ஆற்றைத் தாண்டவேயில்லை. திருச்சி டவுனில் பார்த்துக்கொண்டிருந்த தனியார் பள்ளி வேலையையும் விட்டுவிட்டாள்.

"இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

"கவர்மென்ட் ஸ்கூல் வேலை வந்திருக்கு மேடம். எட்டு வருஷமாப் படிச்சு எழுதின பரீட்சை. லால்குடி பக்கத்துல ஒரு ஸ்கூலு. இன்னும் மூணு வாரத்துல போய்ச் சேரணும். சேரலைன்னா அந்த எடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

லால்குடி கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம். அதற்கும் பாலம்.

"அப்ப ஸ்கூல் ஒதுக்குற கலந்தாய்வுக்கு எப்படிப் போனாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "துப்பட்டாவால கண்ணைக் கட்டி, எங்கம்மா மடியில தலைய வச்சுப் படுக்க வச்சு, கார்ல கூட்டிட்டுப் போனோம். தினமும் அப்படியே போயிட்டு வந்துடலாமேன்னு அம்மா சொல்றாங்க."

"ஏங்க, பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற டீச்சர் தினம் கண்ணைக் கட்டிக்கிட்டா ஸ்கூலுக்குப் போவாங்க? உங்கம்மாவும் தினம் கூடவே போயி வாசல்ல மடியை விரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களா?"

கத்தியிருக்கக் கூடாது. ஆனால் அந்த மனுஷர் சிரித்துவிட்டார். ஒன்றரை வருடத்தில் யாரும் அவரைத் திட்டவே இல்லைபோலும். அவள் வர முடியாது என்றால் நான் போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடி. பிரவீன்ராஜின் அம்மா அழகம்மாள் கதவைத் திறந்து, என் முக்காட்டைப் பார்த்து, எதிர்வீட்டுக் கதவைப் பார்த்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"கோச்சுக்காதீங்க கண்ணு. நீங்க வர்றதைப் பத்தி எதுத்த வீட்டு பூமா மாமி கேட்டாங்க. யாழினிக்கு ஆரி வொர்க் சொல்லித் தர வர்றாங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆரி வொர்க் என்றால் கல்யாண ஜாக்கெட்டில் கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்துப் பூ, மயில் எல்லாம் போடுகிற வேலை. எனக்குச் சட்டையில் பட்டன் தைக்கக்கூட வராது.

"டியூஷன் டீச்சர்னாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவளே டீச்சராச்சே. டீச்சருக்கு எதுக்குக் கண்ணு டியூஷன்?"

நியாயம்தான். அழகம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஊர் வாயை மூட உலைமூடி உண்டா சொல்லுங்க? மூளை சரியில்லாதவன்னு ஒரு வாட்டி பேரு வந்துட்டா அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துல இவளைச் சேத்துக்குவாங்க? எட்டு வருஷம் முட்டி மோதிப் படிச்ச புள்ள இது."

சுருக்கென்று ஒரு பதில் வாய்வரை வந்தது. அப்போதுதான் உள்ளறை வாசலில் நின்ற யாழினியைப் பார்த்தேன். ஒல்லியான பெண். ஒன்றரை வருடமாக அரைகுறையாகத் தூங்கிய கண். "அத்தை சொன்னபடியே இருக்கட்டும் மேடம், ப்ளீஸ்" என்றாள்.

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. யார் என்னிடம் வருகிறார்கள் என்கிற ரகசியம் அவர்களுடையது. அதைத் திறக்கிற சாவி அவர்கள் கையில் மட்டும்தான். பொய்யில் எனக்குச் சம்மதமில்லை என்று அவளிடம் சொன்னேன். நீங்களாகச் சொல்லும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றும் சொன்னேன். பன்னிரண்டு வருடமாகப் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான், இப்படியாக ஆரி டீச்சர் ஆனேன்.

வைத்தியம் கேட்பதற்குச் சுலபமானது. எதைப் பார்த்து ஓடுகிறோமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே அங்கேயே நிற்க வேண்டும். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். இறங்குவதற்குள் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு நம்பிவிடும். பயத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று யாழினி மார்க் போட வேண்டும். டீச்சரல்லவா, உடனே பிடித்துக்கொண்டாள். "பெயிலாகணும்னு ஆசைப்பட்டு நான் எழுதுற முதல் பரீட்சை இதுதான் மேடம்" என்றாள்.

முதலில் அந்த மழைநாளை வாயால் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிடுவாள். சுவரோரம் விழுந்து கிடக்கிறாள், கீழே ஆறு போகிறது, அதற்குமேல் சொல்ல வராது. இரண்டாவது வாரம் அந்த இடத்தைத் தாண்டினாள்.

"அவரு லாரிக்கு அடியில கிடக்காரு. நான் எழுந்து போகலை மேடம். தண்ணியைப் பாத்துக்கிட்டே கிடக்கேன். கட்டின புருஷன் சாகறாரு, நான் தண்ணியைப் பாத்துக்கிட்டுக் கிடக்கேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையில் அடுப்படியிலிருந்து அழகம்மாள் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

பாலம் வெறும் பாலமில்லை என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவளிடம் கேட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே பிரவீன்ராஜையும் உட்காரவைத்தேன். உங்களுக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். இந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையாம். அவளுக்கு வலிக்கும் என்று அவர் பேசவில்லை. அவருக்கு வலிக்கும் என்று அவள் பேசவில்லை. நல்ல ஜோடி!

"எனக்கு வேற ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க மேடம். இவ கத்தினது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. 'நிறுத்து, நிறுத்து'ன்னு அப்படி ஒரு கத்து. அந்தச் சத்தம் கேட்டுத்தான் லாரிக்காரன் பிரேக் போட்டதே. இன்னும் ஒரு அடி உருண்டிருந்தா நான் இல்ல."

யாழினி அவரையே பார்த்தாள். "நானா கத்தினேன்?"

"நீதான். ரெண்டு நாளு தொண்டை கட்டிப் போயி பேச்சே வரலையே உனக்கு. மறந்துட்டியா?"

அவளுக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது. அதிர்ச்சி இப்படித்தான், வேண்டாததைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வேண்டியதைத் தொலைத்துவிடும். அவள் தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அழகம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் அதைச் சொல்லாமல் குடித்தோம்.

இதற்கு நடுவில் ஜாக்கெட்டுகள் வர ஆரம்பித்தன. முதலில் பூமா மாமி. நான் படியிறங்கும் நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவருகே நிற்பார். தாழ்ப்பாளைத் தள்ளுகிற சத்தம், பூட்டை இழுக்கிற சத்தம், மறுபடி இழுக்கிற சத்தம். வேவு பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பட்டுத் துணியும் அளவு ஜாக்கெட்டும் வைத்த பையை நீட்டினார். "என் பொண்ணுக்கு சீமந்தம் வர்றது. கையில மாத்திரம் போட்டுக் குடுங்கோளேன். நீங்க நன்னா பண்றேள்னு அழகம்மா சொன்னா."

திரும்பிப் பார்த்தேன். அழகம்மாள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்காமல் எப்படி வர முடியும்? பிறகு மூன்றாவது மாடியிலிருந்து ஒன்று, கீழ்வீட்டிலிருந்து இரண்டு. நல்லவேளை, என் அண்ணன் மனைவி ஜெஸிமா மச்சி நிஜமாகவே ஆரி வொர்க் செய்கிறவள். பை பையாகக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

"உனக்கு எங்கேர்ந்துடி இவ்வளவு ஆர்டர் வருது?"

"வேலை பாக்குற இடத்துல வருது மச்சி. வேற எதுவும் கேக்காத."

"நீ பாக்குற வேலையைவிட இது நல்லா இருக்குடி. பேசாம இதையே பாரேன்" என்றாள். எங்கள் அத்தா பஷீர் அகமது அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்களிடம் இன்றைக்கும் "மக ஆஸ்பத்திரியில இருக்கு" என்று மட்டும் சொல்கிற மனுஷர். அவரும் தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளெல்லாம் ஒரு பெண்ணோடு நரகத்தில் உட்கார்ந்து எழுந்து வருகிறேன், வீட்டில் எனக்குக் கிடைக்கிற மரியாதை ஜாக்கெட் கொண்டுவந்ததற்கு!

மூன்றாவது வாரம் யாழினியும் நானும் கொள்ளிடக் கரைக்குப் போனோம். முதல்நாள் பாலம் தெரிகிற தூரத்தில் நின்றோம். மறுநாள் பாலத்தின் தொடக்கம்வரை நடந்தோம். அடுத்த நாள் பாலத்தின் மேலேயே கொஞ்ச தூரம். லாரி போகும்போதெல்லாம் பாலம் அதிரும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மார்க் சொல்வாள். தொண்ணூறு, எண்பத்தைந்து, எழுபது. ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல்திட்டில் மாடுகள் மேய்ந்தன. நாற்பதுக்கு வந்ததும் கரைக்குத் திரும்பி வந்து கரும்புச்சாறு குடித்தோம்.

பஸ்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை திருவானைக்காவல் நிறுத்தத்தில் லால்குடி பஸ் ஏறினோம். பாலம் வருவதற்கு முன்னால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவள், "அவரு பின்னாடி வர்றாரு மேடம்" என்றாள். பிரவீன்ராஜ் ஸ்கூட்டரில் பஸ்ஸைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். அடுத்த நிறுத்தத்தில் யாழினி இறங்கிவிட்டாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து முகத்தை அவர் முதுகில் புதைத்துக்கொண்டாள்.

நடுரோட்டில் வைத்து அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "என்ன வேலைங்க இது?"

"அவளுக்கு முடியலைன்னா கூட்டிட்டு வரலாம்னு..."

"முடியாமப் போறதுக்கு நீங்க வண்டியோட தயாரா நின்னா அவங்களுக்கு எப்படிங்க முடியும்? உங்க பாசத்தை மூணு நாளைக்கு அந்த ஷோரூம்ல பூட்டி வைங்க. திங்கக்கிழமைக்கு அப்புறம் எடுத்துக்கலாம்."

முகம் சுண்டிப்போய்விட்டார். பரவாயில்லை. திங்கட்கிழமை யாழினி பள்ளியில் சேர வேண்டும். அன்றைக்கு நான் கூடப் போகப்போவதில்லை, போனால் நானும் ஒரு மடி ஆகிவிடுவேன். ஆகவே சனிக்கிழமை ஒரு நாள்தான் பாக்கி. அன்று தாண்டினால் உண்டு. இல்லையென்றால் எட்டு வருடம் ஆற்றோடு போகும்.

சனிக்கிழமை காலை. அழகம்மாள் விபூதி பூசி அனுப்பியிருந்தார். நானும் மனசுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற சீட். யாழினி ஜன்னலோரம், நான் நடுவில். பஸ் கிளம்புகிற நேரத்தில், "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று ஒரு குரல். பூமா மாமி ஏறினார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அடடே, ஆரி டீச்சரா! லால்குடியில என் மன்னி ஆத்துக்குப் போறேன். நகர்ந்துக்கோங்கோ" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "நல்லதாப் போச்சு. கையில மயில் போடலாமா, சங்கு சக்கரம் போடலாமான்னு உங்களண்ட கேக்கணும்னு இருந்தேன்."

யா அல்லாஹ், இந்த அம்மாவுக்கு வேறு பஸ்ஸா கிடைக்கவில்லை?

யாழினியின் முகம் வெளுத்துவிட்டது. இதுவரை அவள் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் வாய்விட்டுச் சொல்வதால்தான். எத்தனை மார்க் என்று நான் கேட்பேன், அவள் சொல்வாள், நெஞ்சு அடிக்கிறது, கை வேர்க்கிறது என்று சொல்வாள், சொல்லச் சொல்ல இறங்கும். மாமி பக்கத்தில் இருந்தால் எதைச் சொல்வது? மாமி மயிலின் தோகைக்குப் பச்சை மணியா நீல மணியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் "பச்சைதான் எடுப்பா இருக்கும் மாமி" என்றேன். யாழினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண் திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. அதை நினைவுபடுத்த ஆரி டீச்சரால் முடியாது.

பாலத்துக்கு முன்னால் நெரிசலில் பஸ் நின்றது. யாழினி சட்டென்று எழுந்தாள்.

"என்னம்மா, இறங்கணுமா?" என்றார் கண்டக்டர். "இறங்குறதுன்னா இப்பவே இறங்குங்க. பாலத்துல நிறுத்த மாட்டோம்."

"இறக்கி விட்டுடுங்கோ பாவம். குழந்தைக்கு மசக்கையோ என்னமோ, மூஞ்சியே சரியில்லை" என்று மாமி வழிவிட்டு எழுந்து நின்றார்.

நான் உட்கார்ந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிடித்து உட்காரவைத்துவிடலாம். "இவளை விடுங்க மாமி, இவ என் பேஷண்ட்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இரண்டையும் செய்ய எனக்கு உரிமையில்லை. அவள் இறங்கினால் நானும் பின்னால் இறங்க வேண்டியதுதான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"யாழினி, எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ன மார்க்?" என்றார் மாமி.

யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்தாள். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தொண்ணூத்தஞ்சு" என்றாள். அப்படியே சீட்டில் உட்கார்ந்தாள். "போலாம்ணா, விசில் அடிங்க."

பஸ் நகர்ந்தது. முன்சக்கரம் பாலத்தில் ஏறி ஒரு குலுக்கு குலுக்கியது.

"மாமி, இவங்க ஆரி டீச்சர் இல்ல" என்றாள் யாழினி. குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "இவங்க சைக்காலஜிஸ்ட். எனக்கு வைத்தியம் பாக்குறாங்க. அவரு அடிபட்டதுலேர்ந்து எனக்குப் பாலத்தைக் கண்டா பயம். சாதாரணப் பயம் இல்ல மாமி, செத்துப் போயிடுவோம்னு பயம். ஒன்றரை வருஷமா கண்ணைக் கட்டாம ஸ்ரீரங்கத்தை விட்டு வெளியில போகலை. இப்பவும் பயமாத்தான் இருக்கு. நெஞ்சு அடிக்குது. கை வேர்க்குது. தொண்ணூத்தஞ்சு மார்க் பயம்."

முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் கண் திறந்திருந்தது, எனக்கு அதுதான் வேண்டும்.

"வெளியில என்ன தெரியுது? சொல்லுங்க" என்றேன். ஆரி டீச்சராக இல்லை, வஹீதாவாக.

"மணல். ரயில் பாலம். தண்ணி... தண்ணி கொஞ்சமா ஓடுது. ஒருத்தர் மாட்டைக் குளிப்பாட்டுறாரு. தொண்ணூறு. எதுத்தாப்புல லாரி வருது மேடம். லாரி... போயிடுச்சு. போயிடுச்சு மேடம்! எண்பது."

நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத்தான் தெரியும். நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் நின்றபோது அவள் ஐம்பதில் இருந்தாள். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. திரும்பிப் பாலத்தைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையுமாக, "தாண்டிட்டேன்ல?" என்றாள்.

"தாண்டிட்டீங்க. அல்ஹம்துலில்லாஹ்."

பூமா மாமி அதுவரை பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். டோல்கேட் தாண்டியதும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்போ என் ஜாக்கெட்டை யாரு தைக்கறா?"

"எங்க அண்ணி, மாமி. அசல் ஆரி வொர்க்தான். ஒண்ணும் கெட்டுப் போகலை."

"சரி" என்றார்.

விஷயம் தெரிந்ததும் அழகம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டாளே! இனி வீதி முழுக்கத் தெரிஞ்சுடுமே!" ஆனால் திங்கட்கிழமை காலை மருமகள் பஸ்ஸில் தனியாகப் போய்ப் பள்ளியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன் செய்தபோது, அதே அழகம்மாள்தான் மாடி மாடியாக ஏறி இறங்கி எல்லோருக்கும் கேசரி கொடுத்தாராம். "எம் மருமக பயத்தைத் தாண்டிப் போயிருக்கா தெரியுமா" என்று வாய் ஓயாமல் சொன்னாராம். யாழினி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வகுப்பில் ஒரு பையன் தன் பெயரையே தப்பாக எழுதுகிறான் என்றும் சொன்னாள். பாலத்தைப் பற்றி நான் கேட்ட பிறகுதான், "ஓ, அதுவா? நாப்பது" என்றாள்.

இன்னொரு பாலம் பாக்கி இருந்தது. அவள் விழுந்த காவிரிப் பாலம். அதற்கு நாள் குறித்துத் தரவா என்று கேட்டேன். நானே பார்த்துக்கொள்கிறேன் மேடம் என்றாள். சரி, காலம் எடுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பகலில் என் அறையில் உட்கார்ந்திருந்தேன். கீழே அப்துல் அஹத் பாயின் குரல் கேட்டது.

"வாங்க வாங்க, என்ன சைஸ் வேணும்?"

"செருப்பு வேண்டாங்க. மாடிக்குப் போறோம். சைக்காலஜிஸ்ட் மேடத்தைப் பாக்கணும்." தெருவுக்கே கேட்கிற டீச்சர் குரல்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து படிக்கட்டுக்கு ஓடினேன். யாழினி ஏறி வந்துகொண்டிருந்தாள். பாலக்கரையில் நிற்கிறாள் என்றால் காவிரியைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள். அவளே சொன்னாள். "பஸ்ல வந்தேன் மேடம். ஜன்னல் சீட்டு. அந்தச் சுவரு வந்தப்ப எழுபது, அப்புறம் இறங்கிடுச்சு. நான் கத்தின இடம் அதுதானேன்னு நல்லாப் பாத்துக்கிட்டேன்." பிறகு சுற்றிலும் பார்த்தாள். "உங்க ஆபீஸ் இவ்ளோ சின்னதா?"

அவளுக்குப் பின்னால், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பூமா மாமி ஏறி வந்தார். கையில் அதே பை.

"வாங்க மாமி. இன்னொரு ஜாக்கெட்டா? மச்சி ராத்திரி பகலா உங்களுக்குத்தான் மயில் போட்டுண்டிருக்கா" என்றேன் அவர் பாஷையில், வேடிக்கையாக.

மாமி சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். பையில் ஜாக்கெட் எதுவும் இல்லை. தண்ணீர் பாட்டிலும் வீட்டுச் சாவியும் இருந்தன. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ஆத்தைப் பூட்டறேன். பூட்டை இழுத்துப் பாக்கறேன். நாலு படி இறங்கறேன். திரும்பிப் போய் இழுத்துப் பாக்கறேன். எங்காத்துக்காரர் போனதுலேர்ந்து இப்படித்தான். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பாக்கறேன். வயசாயிடுத்து, அதான்னு நினைச்சிண்டிருந்தேன். அன்னிக்கு பஸ்ல இவ சொன்னா பாருங்கோ, அன்னிக்குத்தான் இதை ஒருத்தர்கிட்ட சொல்லலாம்னே நேக்குத் தெரிஞ்சது."

அந்தத் தாழ்ப்பாள் சத்தம், அந்தப் பூட்டுச் சத்தம். நான் படியிறங்கும்போதெல்லாம் கேட்டது அதுதான். எனக்கு எதிரில் நின்று அவர் இத்தனை நாள் பட்டுக்கொண்டிருந்த அவஸ்தை அது.

"நான் கீழ இருக்கேன் மாமி. ஒரு செருப்பு வாங்கணும், நிஜமாவே" என்று சொல்லிவிட்டு யாழினி இறங்கிப் போனாள்.

"கதவைச் சாத்திட்டு வந்துடறேன், நிதானமாப் பேசலாம்" என்று நான் எழுந்தேன். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

மாமி சாவியைப் பைக்குள் போட்டு, பையைத் தரையில் வைத்தார்.

"வேண்டாம் வஹீதா. திறந்தே இருக்கட்டும்" என்றார்.